கை எட்டாத பக்கம்

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வேலை இடத்தில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பட்டம் சூட்டிப் பல வருஷமாயிற்று. லிஃப்டுகளைச் சோதித்துப் பராமரிப்பது அவருடைய தொழில். மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைப் பார்ப்பார். அடியில் குழிக்குள் இறங்கி ஸ்பிரிங்கைப் பார்ப்பார். இரும்புக் கயிற்றைப் பழந்துணியால் பற்றிக்கொண்டு மெதுவாக ஓட விட்டு, இழை எதுவும் அறுந்து துணியில் மாட்டுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்து, கூட வந்தவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பும் நேரத்தில், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்பார். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பையை இறக்குவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, முப்பத்தோரு வருஷத்தில் அவர் கை பட்ட லிஃப்டில் ஒரு ஆள் சிக்கி மூச்சு முட்டியதில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒரு அட்டை தொங்கும். சோதித்தவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரக்காரர்கள் நாலு அட்டைக்குச் சேர்த்துக் கீழேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தான் ஏறிப் பார்க்காத லிஃப்டின் அட்டையில் அவர் ஒரு நாளும் பேனாவை வைத்ததில்லை.

தொழிலுக்கு நல்ல குணம்தான், வீட்டுக்குத்தான் ஆகவில்லை. வெளியே கிளம்பினால் பூட்டை ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் ஒரு நாள் பூட்டு அப்படியே இருந்தது, தாழ்ப்பாள் கதவிலிருந்து கழன்று கையில் வந்துவிட்டது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் அவருடைய மனைவி, அன்றைக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் அவ்வளவு பலவீனமாக இருந்ததை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். எட்டு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, நர்சரியிலிருந்து மூன்று ஊசியிலைச் செடிகள் வாங்கி வந்து முன்பக்கத் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றும் குட்டை ரகம். ஒன்று பாய் விரித்த மாதிரி தரையோடு படரும். ஒன்று பந்து. மூன்றாவது கூம்பு. அதை மட்டும் சுற்றுச்சுவருக்கு ஒரு சாண் தள்ளி, வாசலில் நுழைகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

"வருஷத்துக்கு ரெண்டு விரல் அகலம்தான் வளரும். இலை கொட்டாது, பூக்காது, காய்க்காது. கவலைப்பட இதுல ஒண்ணுமே இல்ல. உங்களுக்குன்னே செஞ்ச செடிப்பா" என்றாள்.

அங்கேதான் பெண் தப்புக்கணக்குப் போட்டாள். வளருகிற செடி என்றால் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். வளராத செடியை என்னவென்று பார்ப்பது? மாதம் பிறந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். சிலந்திப் பூச்சி வந்திருக்கிறதா என்று கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். பனிக்காலத்தில் மனைவியின் தையல் துணிகளைக் கொண்டுபோய்ப் போர்த்தினார். வாடிக்கையாளர் ஒருவருடைய கோட்டு இரண்டு நாள் பந்துச் செடியின் மேல் இருந்தது.

மூன்றாம் வருஷம் அந்தப் பந்துச் செடி செத்தது. பச்சைப் பசேலென்று இருந்தது. பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். ஒரு நாள் காலையில் தொட்டால், ஊசிகள் பொலபொலவென்று கொட்டின. பதறியடித்துக்கொண்டு நர்சரிக்காரரைக் கூட்டி வந்தார். நர்சரிக்காரர் வாயில் எப்போதும் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும், நிதானமே உருவான மனிதர். செடியைப் பிடுங்கி வேரை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்க சார். வேர் அழுகி மாசம் ஒண்ணரை ஆகியிருக்கும்."

"நேத்து வரைக்கும் பச்சையா இருந்துதுங்களே!"

"இந்த ஜாதியே அப்படித்தான். செத்தாலும் காட்டிக்காது. உயிர் போய் ஆறு வாரம் கழிச்சும் பச்சையா நிக்கும். பச்சையை மட்டும் நம்பாதீங்க."

"அப்ப உயிர் இருக்குதா இல்லியான்னு எப்படித்தான் பாக்கறது?"

"எப்பவாவது சந்தேகம் வந்தா நகத்தால பட்டையை லேசா சுரண்டுங்க. உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. எப்பவாவதுதான், சொல்லிட்டேன்."

'எப்பவாவது சந்தேகம் வந்தா' என்று யாரிடம் சொல்கிறோம் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அடுத்த சில வருஷம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைக் குறைத்தார், மாதத்துக்கு ஒரு முறை படர்ந்த செடியில் ஒரு கீறல், கூம்பில் ஒரு கீறல். அத்தோடு சரி.

மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. போன வருஷம் கர்ப்பமானாள். நாலாம் மாதம் வழக்கமான ஸ்கேனுக்குப் போனபோது, குழந்தையின் இதயம் நின்று இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றார்கள். வலி இல்லை, ரத்தம் இல்லை. அந்த இரண்டு வாரமும் மகள் வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள், அப்பாவோடு போனில் சிரித்துப் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கேட்டபோது அவருக்கு நர்சரிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. பச்சையை மட்டும் நம்பாதீங்க. அதன் பிறகு அந்த வார்த்தை அவரை விட்டுப் போகவே இல்லை.

இந்த வருஷம் மகள் மறுபடி கர்ப்பம். ஐந்தாம் மாதம் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போனும் கையுமானார். காலையில் எழுந்ததும் போன், லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் ஒரு போன், ஏறியதும் ஒரு போன். குழந்தை அசைந்ததா, எத்தனை தடவை, எந்தப் பக்கம்? ஒரு நாள் டாக்டர் பிபி பார்க்கும் கருவியை அவள் கையில் கட்டிக்கொண்டிருக்கும்போதே இவருடைய அழைப்பு வந்தது. எண்கள் ஏறியதை மகளும் டாக்டரும் சேர்ந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அம்மாவை அனுப்பி வைங்கப்பா."

"இதோ, நாளைக்கே ரெண்டு பேரும் கிளம்பிடறோம். லீவு சொல்லிட்டேன்."

மகள் இடைமறித்தாள். "அம்மா மட்டும் வரட்டும். நீங்க இப்ப வேணாம்ப்பா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்கே பயமா இருக்கு. உங்க மூஞ்சியைப் பாத்தா ஏதோ ஆயிடுச்சுன்னு தோணுது. கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு பண்ணலாம். நான் வெச்ச அந்தக் கூம்புச் செடி இருக்குல்ல, அதை நோண்டாம சும்மா விட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு போட்டோ அனுப்புங்க. போன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயந்தரம் ஏழு மணிக்கு, அதுவும் நான்தான் பண்ணுவேன். எட்டாம் மாசம் வரைக்கும் ஒரு செடியைச் சும்மா விட்டு வைக்க உங்களால முடிஞ்சா, என் பக்கத்துலயும் உங்களால இருக்க முடியும். அப்ப வாங்க."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் படுத்திருக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்க அவருக்கிருந்த ஒரே வழி அந்தச் செடி என்றாகிவிட்டது. மறுநாள் ரயிலடியில் மனைவி ஜன்னல் வழியாக, "சும்மா இருங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு வேலை" என்றாள். நாலு மணி நேரப் பயணம்தான், அவர் கண்ணுக்கு ரயில் வேறு உலகத்துக்குப் போவது போல இருந்தது.

முதல் வாரம் செடியின் பக்கமே போகவில்லை. வாசற்கதவைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க நின்றபோது பிடித்தது பீடை. பச்சையாகத்தான் இருக்கிறது. பச்சையாக இருந்து என்ன? பந்துச் செடியும் பச்சையாகத்தான் இருந்தது. இது செத்து மூன்று வாரம் ஆகியிருந்தால்? எட்டாம் மாதம் பெட்டியோடு கிளம்புகிற அன்றைக்குப் பொலபொலவென்று கொட்டினால்?

நோண்டாதீர்கள் என்றுதான் சொன்னாள். நகத்தால் லேசாகக் கீறுவது நோண்டுவதாகுமா? மண்ணைக் கிளறினால், கிளையை வெட்டினால், இடம் மாற்றினால் நோண்டுவது. இது வெறுமனே பார்ப்பது. குனிந்து, தரையை ஒட்டிய கிளைகளை விலக்கி, இரண்டு கட்டைவிரல் பருமனுள்ள தண்டில், போட்டோவில் விழாத இடமாகப் பார்த்து, நகத்தால் ஒரு கீறு கீறினார். உள்ளே இளம்பச்சை. ஈரம். அந்த ஒரு நொடி அவருக்குக் கிடைத்த நிம்மதியை எழுதி மாளாது. வீட்டுக்குள் போய் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நிம்மதி தீர்ந்திருந்தது. நேற்றைய கீறல் காய்ந்து பழுப்பாகியிருந்தது. காய்ந்த இடத்தில் எதைப் பார்ப்பது? பக்கத்தில் புதிதாக ஒன்று கீறினார். பச்சை. அடுத்த நாள் அதற்குப் பக்கத்தில். நகம் இறங்காத முதிர்ந்த பட்டையில் மோட்டார் அறைச் சாவியின் முனை உதவியது. வேலைக்குக் கிளம்புமுன் தினம் ஒன்று. சில நாள் ஏழு மணி போனில் மகளின் குரல் களைத்திருக்கும். "என்னம்மா, குழந்தை அசைஞ்சுதா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை மென்று விழுங்கிவிட்டு, போனை வைத்ததும் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போவார். அன்றைக்கு இரண்டு. மகளிடம் கேட்க முடியாததையெல்லாம் அந்தத் தண்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். "பரவால்லப்பா, தேறிட்டீங்க. செடி ஜோரா இருக்கு. பிபிகூட இறங்கியிருக்கு" என்றாள் ஆறாவது போட்டோவைப் பார்த்துவிட்டு. பின்னாலிருந்து மனைவி, "நிஜமாவே சும்மா இருக்காரா? போட்டோல அவர் கையைக் காட்டச் சொல்லு" என்று கத்தினாள். மூவரும் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வலதுகைக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார். பிசின் ஏறி நகம் கறுத்திருந்தது. சோப்பு, மண்ணெண்ணெய், மோட்டார் துடைக்கும் திரவம் எதற்கும் அது மசியவில்லை.

பத்தாவது வாரம் நல்ல வெயில் தொடங்கியது. பதினோராவது ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைத் தூக்கிப் பிடித்தவர் அப்படியே இறக்கிவிட்டார். கூம்பின் முன்பக்கம் பளபளப்பு இல்லை. பச்சைதான், ஆனால் சாம்பல் பூத்த பச்சை. நுனிகள் தலை தொங்கிக் கிடந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு செருப்பை மாட்டவும் மறந்து நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரர் குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தார். முழங்காலிட்டுக் கிளைகளை விலக்கினார். குச்சி கீழே விழுந்தது.

"அடப்பாவமே! எலி சார். முன்னாடி பக்கம் பட்டையை ஒரு இடம் விடாம கடிச்சு வெச்சிருக்கு. பட்டைக்குள்ளதான் இதுக்குச் சாப்பாடு மேலயும் கீழயும் போகுது. சுத்தி உரிச்சா, கழுத்துல கயித்தைப் போட்டு இறுக்கின மாதிரி."

அவர் எட்டிப் பார்த்தார். கீறலோடு கீறல் ஒட்டி, தண்டின் முன்பக்கம் முழுக்க ஒரே புண்ணாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு கீறலைத்தான் பார்த்தாரே தவிர, மொத்தமாக அவர் ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை. இரும்புக் கயிற்றை ஆயிரம் தடவை தடவினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இத்தனை வருஷம் அந்தக் கையோடு வாழ்ந்தவர் அவர். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எலி. எலி என்றே இருந்துவிட்டால் என்ன? எலி கடித்தால் அப்பா என்ன செய்வார் பாவம் என்று மகள் சொல்லுவாள். எட்டாம் மாதம் வாங்க என்பாள். எலிக்கும் ஒரு நஷ்டமில்லை.

நர்சரிக்காரர் சுவரைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். கீழே விழுந்த குச்சியைத் தேடி எடுத்தார்.

"எலிக்கு எத்தனை நாளா இந்தப் பழக்கம் சார்?"

"பத்து வாரம்" என்றார் அவர். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "உயிர் இருக்குதான்னு பாக்கத்தாங்க."

நர்சரிக்காரர் திட்டவில்லை. சுவருக்கும் செடிக்கும் நடுவிலிருந்த ஒரு சாண் இடைவெளியில் கன்னத்தைச் சுவரோடு அழுத்தி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை முழுசா இருக்கு. கீழேர்ந்து மேல வரைக்கும். இங்க ஏன் சுரண்டலை?"

"கை போகலைங்க. முள்ளு மாதிரி குத்துது. சுவர் வேற இடிக்குது."

"நல்லவேளை. அது வழியாத்தான் இப்ப உயிர் ஓடிக்கிட்டு இருக்கு. முன்பக்கம் போயிடும். இந்த ஜாதி மொட்டைக் கட்டையில மறுபடி துளிர்க்காது, அந்த இடம் கடைசி வரைக்கும் வெறிச்சுன்னுதான் இருக்கும். பின்பக்கம் பிழைக்கலாம்."

"என்ன மருந்து வைக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"கட்டு ஏதாவது? உரம்?"

"சார், நீங்க உள்ள போங்க. அது போதும்."

நர்சரிக்காரர் போன பிறகு அவர் படியில் உட்கார்ந்தார். போட்டோ இன்னும் அனுப்பவில்லை. எழுந்து சுவரோரமாகப் போய், கையை மேலே நீட்டிப் போனைப் பின்பக்கமாகச் சாய்த்து ஒரு படம் எடுத்தார். அற்புதமான படம். ஒரு குறை சொல்ல முடியாத பச்சை. இதை அனுப்பினால் இன்னும் இரண்டு வாரத்தில் ரயில் ஏறிவிடலாம். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஏறிப் பார்க்காத லிஃப்டின் அட்டையைக் கையில் கொடுத்து, போடய்யா கையெழுத்தை என்று யாரோ நிற்பது போலிருந்தது அவருக்கு.

முன்பக்கம் வந்து கிளைகளை விலக்கிக்கொண்டு புண்ணைப் படம் எடுத்தார். தொங்கிய நுனிகளை எடுத்தார். கடைசியாகத் தன் கட்டைவிரலையும் எடுத்தார். மூன்றையும் அனுப்பி, கீழே எழுதினார்: 'எலி இல்லம்மா. நான்தான். தினமும் சுரண்டிப் பாத்தேன். உயிர் இருக்குதான்னு.'

அனுப்பியது பகல் பதினொன்றரைக்கு. பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. இந்த அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் ஏறியிருக்குமோ? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களோ? ஒரு செடியைக் கொன்றது போதாதென்று இப்போது என்ன செய்து வைத்தோம்? போனை எடுத்தார், வைத்தார். ஏழு மணிக்கு அவள்தான் கூப்பிடுவாள் என்பது பேச்சு. போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் ஒன்றைச் சோதிக்காமல் விட்ட மிக நீண்ட பொழுது அதுதான். அவருடைய லிஃப்டுகளில் சிக்காத மூச்சு, அன்று அந்தக் கூடத்தில் அவருக்குச் சிக்கியது.

ஏழு மணிக்கு அரிசி டப்பா மணியடித்தது.

"பாத்தேன்ப்பா" என்றாள் மகள். குரல் அழுது ஓய்ந்த மாதிரி இருந்தது. "நிறைய நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குப் பயங்கரக் கோவம். அம்மா சாப்பிட வெச்சு, தூங்க வெச்சு, இப்பதான் கூப்பிடறேன்."

"தப்புதாம்மா. நான் வரலை. நீ நல்லபடியா..."

"இருங்க. நர்சரிக்காரர் என்ன சொன்னார்?"

சொன்னார். முன்பக்கம் போய்விடும் என்பதை மறைக்காமல் சொன்னார்.

"பின்னாடி மட்டும் எப்படிப்பா தப்பிச்சுது?"

"கை எட்டலைம்மா."

 அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. 

"பின்பக்கத்தை எடுத்து அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?" என்றாள் மகள். "சரி, வாங்க. நாளைக்கே வாங்க. என் கட்டில்லேர்ந்து உங்க கை எட்டாத தூரத்துல ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அதுலதான் உக்காரணும். நகத்தை வெட்டிக்கிட்டு வாங்க."

அந்த நாற்காலியை மனைவி அளந்தே போட்டிருந்தாள். தையல் டேப்பால். மத்தியானம், ஜன்னல் திரை இழுத்துவிட்ட அறை, மகள் இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறியது போலிருந்தது. இறங்கியது போலவும் இருந்தது. மடிப்பு அப்படித் தோன்றுகிறதோ? கன்னம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதோ? எழுந்து இரண்டே எட்டு வைத்து, மூக்குக்கு அருகில் ஒரு விரலை மட்டும் கொண்டுபோனால் தெரிந்துவிடும். தொடைக்கு அடியில் கட்டைவிரல் துடித்தது. நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழவில்லை.

"உயிரோடதான் இருக்கேன்ப்பா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டு பேரும்."

"நான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார் அவர்.